ஏர் ரைபிளில் சைட் செட் செய்வது எப்படி?

இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர். அவரைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வர நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ரைபிள் கைக்கு வந்ததும் முதல் வேலை, சைட்டை, அதாவது குறி பார்க்க உதவும் பாகத்தை, உங்கள் கண்ணுக்கும் நீங்கள் போடும் பெல்லட்டுக்கும் (சிறு ஈயக் குண்டு) ஏற்றபடி சரிசெய்வதுதான். இன்னொருவர் செட் செய்தது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. கன்னம் பதியும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலே குண்டு விழும் இடம் மாறிவிடும். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ.; டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியோ வெறும் 0.5 மி.மீ.!

பயிற்சியாளர் இருக்கும் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், மட்டும் சுடுங்கள். மொட்டை மாடியும் சவுக்குத் தோப்பும் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், குழல் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்கட்டும், குறி பார்க்கும்வரை டிரிகரில் விரல் வைக்காதீர்கள்.

சரி, இப்போது சைட் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உட்கார்ந்து, மணல் மூட்டைமேல் கையை வைத்து, கைமேல் ரைபிளை வையுங்கள். ஸ்பிரிங் ரைபிளின் குழலை நேராக மூட்டைமேல் சாத்தினால் அது துள்ளும், குறி மாறும். பின் சைட்டின் துளைக்கு நடுவில் முன் சைட்டின் வளையம், வளையத்துக்கு நடுவில் டார்கெட்டின் கருவட்டம். சுற்றிலும் வெள்ளை ஒரே அளவில் தெரிய வேண்டும்.

ஐந்து சுடுங்கள். முதல் குண்டு எங்கே போனாலும் சைட்டை நகர்த்தும் திருகைத் தொடக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்: ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருகு திருப்பி, கடைசியில் எது சைட்டின் பிழை, எது கையின் பிழை என்றே தெரியாமல் போகிறது. ஐந்தும் சிதறி விழுந்தால் சைட்டை விட்டுவிட்டு மூச்சையும் டிரிகர் இழுப்பையும் கவனியுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் கூடியிருந்தால், அந்தக் கூட்டத்தின் நடு, டார்கெட்டின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ, குண்டும் அந்தப் பக்கமே போகும். ஆனால் திருகின்மேல் உள்ள அம்புக்குறியை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அதன் பொருள் மாறும். சுட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தின் நடு 6 மி.மீ. வலப்பக்கம் என்று வையுங்கள். சைட்டை இடப்பக்கம் 10 கிளிக் (திருகைத் திருப்பும்போது 'கிளிக்' என்று நகரும் ஒவ்வொரு படி) நகர்த்தி மறுபடி ஐந்து சுடுகிறீர்கள். இப்போது 4 மி.மீ. என்றால், 10 கிளிக்குக்கு 2 மி.மீ. அதே பக்கம் இன்னும் 20 கிளிக் போதும். பக்கவாட்டை முடித்தபின் மேல்கீழையும் இப்படியே பாருங்கள். கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள்.

போட்டியில் நின்றுதான் சுட வேண்டும் என்பதால், நின்று சுடும்போது குறி சற்று விலகலாம். அப்போதும் ஐந்து ஐந்தாகச் சுட்டுத் திருத்துங்கள். போட்டி தொடங்குமுன் இதற்கென்றே 15 நிமிடம் தருகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ராவின் முதல் சோதனைக் குண்டு நான்கு மதிப்பெண் வட்டத்தில் விழுந்தது. கிடைத்த நேரத்தில் சைட்டைத் திருத்தினார், தங்கம் வென்றார்.

முடித்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், பெல்லட் ஈயம். நம் கடற்கரை உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்; எண்ணெய்த் துணியால் வெளிப்பக்கம் துடைத்து உறையில் வையுங்கள். வேறு வகை பெல்லட்டுக்கு மாறினால் சைட்டை மறுபடி சோதித்துவிடுங்கள்.