பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் கிளம்பும் பழைய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு முடித்து 25 வருஷம் கழித்து எங்கள் பேட்ச் ஒன்று கூடியது. படித்த அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே துடிப்பு. வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. பள்ளி முழுக்கப் பிரியாணி என்று முடிவானது. அன்று காலை பதினொரு மணி வாக்கில்தான் நான் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போனேன். உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அவித்த முட்டைகள் வாளித் தண்ணீரில் கிடந்தன. சமையல் அக்காவிடம் எங்களில் யாருமே சொல்லவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா அரிசியைக் குறைச்சிருப்பேனே தம்பி" என்றார். அன்று வீணான சோறு எங்களால் வீணானது.

அங்கே என்ன நடக்கிறது என்று கேட்காமலே இறங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது புதுசு இல்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது ஊர்மக்களும் சேர்ந்துதான் அதைத் தாங்கினார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, இன்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. சரி, இவ்வளவும் இருக்கும்போது பசி எங்கே இருக்கிறது?

ஆறாம் வகுப்பில் கால் வைத்ததும் காலை உணவு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. அப்புறம், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத ஒரு நேரம் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர ஏழு மணி ஆகும். கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடக்கும் பையனுக்குக் கணக்கு பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு வயிறு காலி.

நாம் போடும் விருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. நமக்குத் தோதான ஒரு நாளையோ, நம் பேட்ச் கூடும் நாளையோ ஒட்டி, ஏற்கெனவே சோறு இருக்கும் நேரத்தில், ஏற்கெனவே சோறு கிடைக்கும் பிள்ளைகளுக்குப் போடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். 400 பேருக்குப் பிரியாணி, தலைக்கு 100 ரூபாய் என்றாலும் 40,000. ஒரே மதியத்தில் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் 60 பிள்ளைகள். ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் நாளுக்கு இரண்டு கிலோ கூட வேண்டாம். எண்ணெய், தாளிப்பு, கேஸ், சமைப்பவருக்குக் கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து பொதுத்தேர்வு வரை 45 நாள் சுண்டல் கொடுத்தாலும் 27,000 தான்.

சுண்டலிலும் கவனம் வேண்டும். காலையிலேயே தேங்காய் போட்டுக் கிளறி வைத்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். மூன்றரைக்கு வேகவைத்து இறக்கி, பரிமாறும்போது தேங்காய் தூவுங்கள். கூடவே டீ கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடலையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ தடையாக நிற்கும். எலுமிச்சை பிழிந்தாலோ ஒரு நெல்லிக்காய் கொடுத்தாலோ அது எடுத்துக்கொள்ள உதவும். சமைக்க ஆள் கிடைக்காத ஊரில் கடலை மிட்டாயும் ஒரு வாழைப்பழமும் போதும். கிரீம் பிஸ்கட்டும் கேக்கும் வேண்டவே வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பல பேட்ச்கள் அன்றைக்குத்தான் விருந்து வைப்பார்கள். மறுநாள் தேதியையும் மனதில் வையுங்கள். 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். 2013-ல் அதே ஜூலை 16, பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. அதனால் வகுப்பறை ஓரத்திலோ கீற்றுப் பந்தலுக்குக் கீழோ அடுப்பு மூட்டாதீர்கள். பழைய கேன்களில் எண்ணெய் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவரும் உங்களில் ஒருவரும் சாப்பிட்டுப் பாருங்கள். சத்துணவுக் கூடங்களில் அது விதியாகவே இருக்கிறது. வெளியே சமைத்து வேனில் கொண்டுவந்தால் சூடு ஆறுவதற்குள் பரிமாறி முடிக்க வேண்டும்.

இதில்தான் இன்னொரு தவறும் நடக்கிறது. சாப்பாடு வந்து இறங்கியிருக்கும். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று முக்கால் மணி நேரம் காக்க வைப்பார்கள். அப்புறம் பேச்சு, பொன்னாடை. அது முடிந்து, கரண்டியும் கையுமாக ஆளாளுக்கு ஒரு போட்டோ. தட்டை நீட்டும் பிள்ளையின் முகம் ஃபேஸ்புக்கில் வருகிறது. நாமும் அதே பள்ளியில் தட்டு ஏந்தியவர்கள்தான். அன்று யாராவது நம்மை அப்படிப் படம் பிடித்து ஊருக்குக் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பாத்திரத்தைப் படம் எடுங்கள், கணக்குச் சீட்டை எடுங்கள். முகம் வேண்டாம்.

"ரொம்பக் கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு மட்டும்" என்று பெயர் வாசித்துக் கூப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், அந்தப் பட்டியலில் எழுந்து நிற்கமாட்டாள். வகுப்புக்கே கொடுங்கள்.

வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் ஓரங்கட்டிவிட்டு "நம்ம ஆளு" சமைக்கட்டும் என்று சொல்லும் இடத்தில் பல நேரம் சாதி ஒளிந்திருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த அக்கா தினமும் அதே பிள்ளைகளுக்குச் சமைப்பவர். யாருக்கு முட்டை ஆகாது, யார் இரண்டாம் தடவை கேட்கத் தயங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கூடுதல் வேலைக்குக் கூலி பேசிக் கொடுங்கள். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முதலிலேயே பேசி, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் ஒருவர் ஜிபேயில் சேர்ந்தால் நட்பே கெடும். இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மாதம் ஆளுக்கு 200 போதும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். கொடுக்க முடியாத நண்பன் சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறிவிடுவான். எங்கள் குழுவில் இருவர் அப்படித்தான் போனார்கள்.

பாதியில் நிறுத்துவதுதான் எனக்கு இன்னும் உறுத்துவது. பிரியாணியை விட்டு நாங்கள் சுண்டலுக்கு மாறிய முதல் வருஷம், பிப்ரவரியில் பணம் வரத் தாமதமாகி மூன்று நாள் சுண்டல் நின்றது. அதுவரை அக்கா தினமும் சாயங்காலம் கூடத்தைப் பூட்டும் முன் எனக்குப் போன் செய்து, "நாளைக்குக் கடலை ஊறப்போடவா தம்பி?" என்று கேட்பார். அந்த மூன்று நாளும் அதே கேள்வியோடு போன் வந்தது. நாலரை மணிக்குப் பிள்ளைகள் கூடத்து வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனதையும் அவர்தான் சொன்னார். இப்போதெல்லாம் ஜனவரி பிறப்பதற்குள் மொத்தக் கடலையையும் வாங்கி மூட்டையாகக் கூடத்தில் இறக்கிவிடுகிறோம். அவர் போன் செய்ய வேண்டியதில்லை.