மிளகாய் ரகம் கலக்காமல் வீட்டிலேயே விதை எடுப்பது எப்படி?

போன வருடம் எங்கள் மாடியில் பஜ்ஜி மிளகாயும் சம்பா மிளகாயும் அடுத்தடுத்த தொட்டிகளில் நின்றன. பல வருடமாக ஒரே மாதிரி காய்த்து வந்த பஜ்ஜி மிளகாய் அது. அதில் நன்றாகப் பழுத்த ஒன்றிலிருந்து விதை எடுத்து ஆடிப்பட்டத்தில் போட்டேன். முளைத்ததில் இரண்டு செடிகள் ஒல்லியான காயாகக் காய்த்தன. பஜ்ஜி போட்டால் வாயில் வைக்க முடியாத காரம்.

அதற்காக இரண்டு ரகங்களையும் பிரித்து வைக்க வேண்டுமா? சமையலுக்கு மட்டும் வளர்த்தால் தேவையே இல்லை. பக்கத்துச் செடியின் மகரந்தம் விழுந்தாலும் இந்த வருடக் காயின் வடிவமும் காரமும் மாறாது, ஏனென்றால் காயின் சதை தாய்ச்செடியுடையது. கலப்பு விதைக்குள் இருக்கும். அதை முளைக்க வைத்தால்தான் தெரியும். விதை எடுப்பவர்கள் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

1. செடியைத் தேர்ந்தெடுங்கள். இலை சுருளாத, நன்றாகக் காய்க்கும் செடி வேண்டும். ஹைபிரிட் விதையில் வந்த செடி வேண்டாம். எவ்வளவு பாதுகாத்தாலும் அதன் பிள்ளைகள் தாயைப் போல வராது.

2. பூவைப் பாருங்கள். காலையில் ஒரு பூவை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை இதழ்களுக்கு நடுவே நீலம் கலந்த மகரந்தப் பைகள், அவற்றின் மத்தியில் பச்சை நிறச் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி. பூ விரிந்து சற்று நேரம் கழித்துத்தான் பைகள் வெடித்துத் தூள் உதிரும். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் சில ரகங்களில் சூல்முடி பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேனீ வந்து உட்கார்ந்தால் முதலில் அதில்தான் உரசும். அதனால் பூ விரிந்தபின் மூடிப் பயனில்லை.

3. மொட்டிலேயே மூடுங்கள். ஒரு கிளையில் ஏற்கெனவே விரிந்த பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மொட்டுகள் மட்டும் இருக்கும் நுனியைச் சுருக்கு வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். விசேஷ வீடுகளில் பரிசு போட்டுத் தருவார்களே, அந்தப் பை போதும். பாலித்தீன் கூடாது, உள்ளே புழுங்கிப் பூ உதிர்ந்துவிடும். எறும்பு நுழையாதபடி காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வையுங்கள்.

4. தினமும் தட்டுங்கள். பைக்குள் மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் விழ, காலை பத்து மணி வாக்கில் கிளையை விரலால் இரண்டு மூன்று தடவை சுண்டிவிடுங்கள். கடும் வெயில் காலத்தில் பூ நிறைய உதிரும். அப்போது முயல வேண்டாம்.

5. நூல் கட்டுங்கள். பிஞ்சு பிடித்து இதழ் உதிர்ந்ததும் பையை எடுத்துவிடலாம். அந்தக் காம்பில் உடனே ஒரு சிவப்பு நூல் கட்டுங்கள். கட்டாவிட்டால் வீட்டில் யாராவது அதைப் பறித்துச் சாம்பாரில் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

6. பழுக்க விடுங்கள். பூவிலிருந்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். முழுக்கச் சிவந்து தோல் லேசாகச் சுருங்கியதும் பறித்து, விதையை நிழலில் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல் உடைய வேண்டும், அதுதான் பதம். அப்புறம் காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.