காலையில் ஆறு ஒலி, அரை நிமிடம்

காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேளாதவர்களுக்கு அறுவை செய்து பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த குழந்தைக்குக் காலையில் கருவியை மாட்டியதும், பின்னால் உட்கார்ந்து ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். ரொம்பச் சின்னது என்றால், ஒலி கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போட்டால் போதும். இரண்டு காதிலும் கருவி இருந்தால் தனித்தனியாகப் பாருங்கள்.

கருவி வழியாகக் குழந்தைக்குச் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, காது கேளாத குழந்தைகளுக்கான பேச்சுக் கல்வி நிபுணர் டேனியல் லிங் வகுத்த சோதனை இது. 'ம்' தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி, 'ஸ்' மிக உயர்ந்த சுருதி. பேச்சொலிகள் ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடும். நேற்றுக் கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையா? பாட்டரி, வயர், மைக்கில் ஏறிய ஈரம், எல்லாவற்றையும் உடனே பாருங்கள். கவனிக்காமல் விட்டால் அன்றைக்குப் பாதிப் பேச்சு காதில் விழாது. பாவம், அதைச் சொல்லவும் பிள்ளைக்குத் தெரியாது.

வாயைக் கையால் பொத்தாதீர்கள், 'ஸ்' மங்கிவிடும். வரிசையை மாற்றுங்கள், நடுநடுவே சும்மாவும் இருங்கள். இல்லையென்றால் ஊகித்தே சொல்லிவிடும்.

கருவியை இப்போதுதான் ஆன் செய்திருக்கிறார்கள், ஒலி கேட்டால் திரும்பிப் பார்க்கவே குழந்தை இன்னும் பழகவில்லை என்றால் இது உதவாது. கருவி சரியாக இருந்தும் ஒரே ஒலி தொடர்ந்து தவறினால், ஆடியாலஜிஸ்டிடம் (கேட்டல் நிபுணர்) மேப்பிங், அதாவது குழந்தைக்கு ஏற்பக் கருவியில் செய்த ஒலி அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.