ஸ்டியரிங் சத்தமா? ரக்கில் கை வைக்க முதல்

ஸ்டியரிங்கில் சத்தம் என்றதும் "ரக் (சில்லுகளைத் திருப்பும் பற்தண்டு) போயிற்று" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். பாவித்த ரக் ஒன்றை வாங்கிப் பூட்டி, சில்லு எலைன்மென்டும் பார்த்து, வீதியில் இறங்கினால் பழைய சத்தம் அப்படியே இருக்கும். பிழை ஒரு சிறு லிங்கிலோ (இணைப்புத் தண்டு) ஷொக் மவுண்டிலோ (ஷொக் அப்சோபரின் மேல் தாங்கி) இருந்திருக்கும். எனவே முதல் வேலை, சத்தம் எப்போது வருகிறது என்று பிரித்துக் கேட்பது.

கார் நிற்கும்போதே திருப்பினால் வருகிறதா? மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிறவல் வீதிகளில் குலுங்கும்போது மட்டும் "டொக் டொக்" என்கிறதா? வளைவில் முடுக்கும்போது சில்லின் வேகத்தோடு சேர்ந்து "டிக் டிக்" என்று கூடுகிறதா? கடைசியாகச் சொன்னது ஸ்டியரிங்கே அல்ல, முன்சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டான சீவி ஜொயிண்ட்.

"டொக்" சத்தத்தைப் பிடிக்க இரண்டு பேர் போதும். சில்லுகள் நிலத்தில், எஞ்சின் நிறுத்தத்தில் இருக்கட்டும். ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை இரண்டு அங்குல அளவுக்கு இடம் வலமாகச் சட் சட்டென்று அசைக்க, மற்றவர் சில்லுக்குப் பின்னால் டைரொட் எண்ட் (ரக்கிலிருந்து வரும் தண்டு சில்லோடு சேரும் மூட்டு) மீது விரல்களை வைத்துக்கொள்ள வேண்டும். காதை நம்ப வேண்டாம். இரும்பு வழியாகச் சத்தம் ஓடி இடது பக்கத்துப் பிழை வலது பக்கத்தில் கேட்கும். விரலில் தட்டுப்படும் தட்டல்தான் உண்மை. அங்கே இல்லாவிட்டால் ரக்கின் ரபர் பூட்டை (மடிப்பு உறை) அமுக்கி உள்ளே இருக்கும் ரக் எண்டைப் (ரக்கின் நுனி மூட்டு) பிடித்துப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் பெடல்களுக்கு மேலே ஸ்டியரிங் தண்டின் ஜொயிண்டைப் பிடியுங்கள். குலுங்கும்போது மட்டும் தட்டினால் கார் சாயாமல் தடுக்கும் தண்டின் ஸ்டெபிலைசர் லிங்கின் மீதும் சந்தேகப்படலாம்.

நின்ற இடத்தில் திருப்பும்போது "டொய்ங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் ஷொக் மவுண்டின் பெயாரிங் இறுகிவிட்டது. ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள், வளையங்களுக்கிடையே விரலை விடாதீர்கள். கடற்கரைப் பக்கத்துக் கார்களில் உப்புக்காற்றும் மணலும் இதற்குச் சேர்ந்து உதவுகின்றன.

டைரொட் எண்ட் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணல் முற்றங்களில் ஜக் புதையும். கீழே தடித்த பலகை போடுங்கள், ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதீர்கள். டைரொட் எண்டை இறுக்கிப் பிடிக்கும் லொக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு நட் கழன்றுவிடாமல் தடுக்கும் கொட்டர் பின்னை எடுத்து, மேல் நட்டைக் கழற்றி, டைரொட் எண்டின் போல் ஜொயிண்ட் ஆணி நுழையும் இரும்புக் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு மூன்று பலமான அடி. ஆணியின் நுனியில் அடித்தால் மரை நசிந்துவிடும். பழைய எண்டைச் சுழற்றிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணிக் குறித்துவைத்து, புதியதையும் அதே அளவு சுற்றுங்கள். கொட்டர் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. பின் புதியதாக இருக்கட்டும். எண்ணிப் பூட்டினாலும் எலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் டயர் ஓரம் தேயும்.

பழைய ஒயில் ஸ்டியரிங் வண்டிகளில் "ஊங்ங்" என்ற முனகல் பெரும்பாலும் ஒயில் குறைவு, அல்லது காற்று. டாங்கியில் நுரை தெரிந்தால் பம்புக்கு வரும் ஹோஸின் கிளிப்பை இறுக்குங்கள். காற்றை எடுக்க முன்சில்லு இரண்டையும் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15, 20 தடவை மெதுவாகத் திருப்பி, இறங்க இறங்க ஒயில் ஊற்றுங்கள். நுரை நின்ற பிறகே ஸ்டார்ட். கையேடு சொல்லும் ஒயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஒயில் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். திருப்பும்போது கீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. முழுவதும் திருப்பிய முனையில் வரும் "ஸ்ஸ்" சத்தம் பிழையல்ல, ஆனால் சில விநாடிகளுக்கு மேல் அப்படியே பிடித்து வைக்காதீர்கள்.

டொயோட்டா எக்சியோ, விட்ஸ் போன்ற மின் ஸ்டியரிங் கார்களில் ஒயிலே இல்லை. தட்டல் டாஷ்போர்டுக்குக் கீழிருந்து வந்தால் தண்டின் ஜொயிண்ட் அல்லது மோட்டார் பக்கத்து கியர், கப்ளிங் தேய்வு. ஸ்டியரிங் சில்லுக்குள்ளேயே உரசினால் எயார்பேக்கின் சுருள் வயராக இருக்கலாம். பெட்டரி வயரைக் கழற்றி 90 விநாடியாவது பொறுக்காமல் அங்கே கை வைக்க வேண்டாம், பழக்கமில்லாதவர்கள் தொடாமல் விடுவதே நல்லது.

மார்கழி, தை வெள்ளத்தில் ஓடிய காரின் ரக் ரபர் பூட்டுகளைத் தண்ணீர் வற்றியதும் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே "சளக்" என்றால் கிளிப்பை எடுத்து, தண்ணீரைத் துடைத்து, ரக் எண்டுக்குப் புதுக் கிறீஸ் பூசி, வெடித்த பூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.