தசைக்கு எந்த சிக்னல், எப்போது?

ஜிம்மில் சேர்ந்தவுடன் பலர் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம் என்பது. தசை செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி தானாகவே பின்னால் போய்விடும். புரதம் சாப்பிட்டால் மட்டுமே கூட தசையில் புதிய புரதம் உருவாகும் வேகம் கூடும்தான், ஆனால் சில மணி நேரத்தில் அது பழைய நிலைக்கு வந்துவிடும். எடை தூக்கிய தசையில் அதே வேகம் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரைகூட உயர்ந்தே நிற்கும். எனவே முதலில் வேலை, பிறகு சாப்பாடு.

எடை தூக்குவதும் புரதம் சாப்பிடுவதும் தசைக்கு அனுப்பும் சிக்னல்கள் வந்து சேருமிடம், புதிய புரதம் உருவாக்கச் சொல்லும் எம்டார் (mTOR) என்ற புரதம். இதைத் தடுக்கும் ராபமைசின் மருந்தைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தபோது, பயிற்சிக்குப் பின் வழக்கமாக வரும் புரத உற்பத்தி உயர்வு வரவேயில்லை. அந்த உயர்வு இரண்டு நாளில் அடங்கிவிடுவதால், ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு முறையாவது வேலை கொடுங்கள். எடை குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். உங்களால் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற எடையில் 30 சதவீதம் இருந்தாலும், இனி முடியாது என்கிற கட்டம் வரை செய்தால் தசை வளரும். எப்படிச் செய்தாலும் கடைசி இரண்டு மூன்று ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) கஷ்டமாக இருக்க வேண்டும், சுலபமாக முடிகிற செட்டுக்கு (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு) பலன் குறைவு.

அப்புறம் சாப்பாடு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும், 60 கிலோ இருப்பவருக்கு 96 கிராம். இதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். புரதத்தில் உள்ள லூசின் என்ற அமினோ அமிலம்தான் எம்டாரைத் தட்டி எழுப்புகிறது, வேளைக்கு 20 முதல் 30 கிராம் புரதம் இருந்தால் அதற்குத் தேவையான லூசின் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான்கு இட்லியும் சட்னியும் அந்த அளவைத் தொடாது, கூடவே மூன்று முட்டையோ நல்ல அளவு பனீரோ வேண்டும். வயதானவர்களின் தசை இந்த சிக்னலுக்கு மந்தமாகவே பதில் சொல்லும், அவர்களுக்கு வேளைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள்.

ஓட்டம், சைக்கிள் எல்லாம் ஏஎம்பிகே என்ற இன்னொரு புரதத்தை எழுப்பும். செல்லில் ஆற்றல் குறைகிறது என்று கண்டுபிடித்து, கொழுப்பை எரிக்கவும் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கவும் சொல்வது இதன் வேலை, எம்டாரையும் கொஞ்சம் அடக்கும். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில், எடைப் பயிற்சியையும் ஓட்டம், சைக்கிளையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் கடைசி வாரங்களில் இறங்கியது உண்மைதான். ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கார்டியோ (ஓட்டம், சைக்கிள்) என்று செய்தார்கள்! வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஓடுகிறவர் இதற்குப் பயந்து ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. முடிந்தால் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஒரே நேரத்தில் என்றால் எடையை முதலில் முடியுங்கள்.

தூக்கம் கெட்டால் இதெல்லாம் பாதிக்கும். ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்குத் தசைப் புரத உற்பத்தி 18 சதவீதம் குறைந்ததாக ஒரு ஆய்வு சொல்கிறது. எடைப் பயிற்சி முடிந்த கையோடு ஐஸ் தண்ணீரில் உட்காருவதும் வளர்ச்சி சிக்னலை மழுங்கடிக்கும், தசை வளர வேண்டும் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் சர்க்கரை இருப்பவர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தசைக்குள் கொண்டுபோவது குளூட்-4 என்ற கடத்திப் புரதம். இது செல்லின் உள்ளே ஒதுங்கி இருக்கும், இன்சுலின் சொன்னால் மேற்பரப்புக்கு வரும். டைப் 2 சர்க்கரையில் கெட்டுப்போவது இந்த இன்சுலின் வழி. ஆனால் தசை சுருங்கும்போது இன்சுலினைக் கேட்காமல் வேறொரு வழியிலும் அதே குளூட்-4 மேலே வருகிறது, இந்த வழி டைப் 2 உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அதனால் சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடங்கள். பயிற்சி செய்த தசை அடுத்த ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்கும் நன்றாகப் பதில் சொல்லும், ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதீர்கள். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் புதிதாகப் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.