பாஸ்வேர்டு மேனேஜரை மாற்றும்போது எதுவும் தொலையாமல் இருக்க

கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜரை மாற்றுவது பார்க்க இரண்டு பட்டன் வேலை: பழையதில் எக்ஸ்போர்ட், புதியதில் இம்போர்ட். சிக்கல் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். எக்ஸ்போர்ட் செய்த கணமே உங்கள் கடவுச்சொற்கள் எல்லாம் பூட்டே இல்லாத ஒரு ஃபைலில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஃபைலில் எதெல்லாம் விடுபட்டது என்பதையும் பெரும்பாலான ஆப்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் பழைய கணக்கை மூடுவது கடைசி வேலையாகவே இருக்கட்டும்.

தொடங்கும் முன்

சொந்தக் கணினியில் செய்யுங்கள். அலுவலகக் கணினியும் பொதுக் கணினியும் வேண்டாம். பிட்லாக்கர் (விண்டோஸ்) அல்லது ஃபைல்வால்ட் (மேக்) மூலம் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருப்பது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருப்பது நல்லது. இப்போதைய கணினிகளின் எஸ்எஸ்டி வகை டிஸ்குகளில் ஒரு ஃபைலை அழித்தாலும் அதன் தடயம் உடனே மறையும் என்று சொல்ல முடியாது. என்கிரிப்ஷன்தான் அங்கே உண்மையான காவல். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்றவற்றோடு சிங்க் ஆகிறதா என்று பார்த்து, ஆகிறதென்றால் தற்காலிகமாக நிறுத்துங்கள். தானியங்கி பேக்கப்பையும் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் இங்கே அழித்த ஃபைலின் நகல் அங்கே பத்திரமாக இருக்கும்.

புதிய மேனேஜரில் கணக்கு தொடங்கி, அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டையும், அது மறந்துபோனால் உதவும் ரெக்கவரி கோடையும் தாளில் எழுதிவையுங்கள். பழையதில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

எந்த ஃபார்மட்டில் எடுப்பது

குரோமில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸுக்குள் எக்ஸ்போர்ட் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் கிடைக்கும். இரண்டும் சிஎஸ்வி ஃபைலைத்தான் தரும்; கமாவால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை அது.

பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு, கீபாஸ்எக்ஸ்சி, லாஸ்ட்பாஸ் போன்ற தனி மேனேஜர்களில் தேர்வு உண்டு. இங்கே அவசரப்பட வேண்டாம். பிட்வார்டனின் சிஎஸ்வியில் லாகின்களும் செக்யூர் நோட்டுகளும் மட்டுமே வரும். கார்டுகளும் அடையாள விவரங்களும் வேண்டுமென்றால் ஜேசான் என்ற இன்னொரு ஃபார்மட்டில் எடுக்க வேண்டும். அதிலேயே கணக்கோடு கட்டப்பட்ட என்கிரிப்டட் ஜேசான் என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்பானதாகத் தோன்றும், ஆனால் அதே கணக்கைத் தவிர வேறெங்கும் திறக்காது. இடம் மாறுவதற்கு அது உதவாது. ஒன்பாஸ்வேர்டிலிருந்து வருபவர்கள், புதிய மேனேஜர் ஏற்குமானால், சிஎஸ்வியை விட்டு 1பக்ஸ் ஃபார்மட்டை எடுங்கள். இணைப்பு ஃபைல்களும் அதில் சேர்ந்து வரும். கீபாஸ்எக்ஸ்சி 1பக்ஸையும் பிட்வார்டன் ஜேசானையும் நேரடியாகப் படிக்கும்.

அந்த ஃபைலை எக்செல்லில் தொடாதீர்கள்

கடவுச்சொற்கள் கெட்டுப்போவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. 0045871 என்ற பின் எண்ணை எக்செல் 45871 ஆக்கிவிடும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கும். = குறியில் தொடங்கும் கடவுச்சொல்லை ஃபார்முலா என்று நினைத்துக்கொள்ளும். திறந்து பார்த்துவிட்டு மூடினால் பாதகமில்லை. சேவ் கொடுத்தால் போயிற்று. தமிழில் எழுதிய குறிப்புகளும் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் குறியீட்டு முறை) அல்லாத என்கோடிங்கில் சேவ் ஆனால் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும்.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் நோட்பேடு போன்ற சாதாரண எடிட்டரில் திறங்கள். அங்கே ஒரு கடவுச்சொல் "7#,4""9" என்று தெரிந்தால் பதறித் திருத்தாதீர்கள். உண்மையான கடவுச்சொல் 7#,4"9 தான். நடுவில் கமா இருப்பதால் முழுவதையும் மேற்கோளுக்குள் போட்டு, உள்ளே இருந்த மேற்கோளை இரட்டித்திருக்கிறது. சிஎஸ்வியின் விதி அது. இம்போர்ட் ஆகும்போது தானாகச் சரியாகிவிடும்.

இம்போர்ட்

புதிய மேனேஜர் "எங்கிருந்து?" என்று கேட்கும் பட்டியலில் பழைய மேனேஜரின் பெயரையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் சிஎஸ்வியிலும் கட்டங்களின் பெயரும் வரிசையும் வேறு. தவறான பெயரைத் தேர்ந்தால் இம்போர்ட் தோற்றுப்போகலாம். அதைவிட மோசமாக, கடவுச்சொல் குறிப்புக் கட்டத்தில் போய் விழலாம்.

பாதியில் நின்றுவிட்டது என்று இன்னொரு முறை இம்போர்ட் கொடுக்காதீர்கள். பிட்வார்டன் ஏற்கெனவே இருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும். வந்ததை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்வதே சுலபம்.

சரிபார்ப்பது

முதலில் குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு சில பதிவுகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, உண்மையிலேயே லாகின் செய்து பாருங்கள்: சிறப்புக் குறிகள் நிறைந்த கடவுச்சொல் ஒன்று, பூஜ்யத்தில் தொடங்குவது ஒன்று, ஒரே தளத்தில் இரண்டு பயனர்பெயர் உள்ளது ஒன்று, பல வரிக் குறிப்பு உள்ளது ஒன்று. லாஸ்ட்பாஸிலிருந்து எடுத்தவர்கள் &, <, > குறிகளைக் கவனியுங்கள்; சில எக்ஸ்போர்ட்களில் அவை &, <, > என்ற வலைப்பக்கக் குறியீடுகளாக மாறி வந்ததுண்டு. குரோமில் ஆப்களுக்காகச் சேமித்தவை இணைய முகவரிக்குப் பதில் "ஆண்ட்ராய்டு" என்று தொடங்கும் நீண்ட முகவரியோடு வரும். அவை புதிய மேனேஜரில் தானாக நிரம்பாவிட்டால் தளத்தின் முகவரியைக் கையால் சேர்த்துவிடுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பிறகு தளம் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பின் ஆறு இலக்க எண்களைப் பழைய மேனேஜரிலேயே வைத்திருந்தீர்களா? இரண்டு ஆப்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். ஒரே 30 விநாடிக்குள் இரண்டிலும் ஒரே எண் தெரிந்தால், அந்த எண்ணை உருவாக்கும் ரகசியச் சாவி சரியாக வந்திருக்கிறது. வராதவற்றுக்கு, பழைய ஆப் இயங்கும்போதே அந்தந்தத் தளத்துக்குள் போய்ப் புதிய க்யூஆர் கோடு எடுங்கள். பழையதை அழித்த பிறகு இது தெரியவந்தால் உள்ளே நுழைவதே பெரும்பாடாகிவிடும்.

பாஸ்கீகள், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக லாகின் செய்ய உதவும் டிஜிட்டல் சாவிகள், சிஎஸ்வியில் வரவே வராது. பிட்வார்டனின் ஜேசானில் இருக்கும். அதைப் புதிய ஆப் படித்தால்தான் பயன். இவற்றைப் பாதுகாப்பாகக் கைமாற்ற, பாஸ்கீ தரநிலைகளை வகுக்கும் அமைப்பான ஃபிடோ அலையன்ஸ் 2024இல் ஒரு பொது வரைவை வெளியிட்டது. ஐபோனின் ஐஓஎஸ் 26இல், இரு ஆப்களும் ஆதரித்தால், ஃபைலே இல்லாமல் நேரடியாக மாற்றலாம். மற்றபடி தளம் தளமாகப் போய்ப் புதிய பாஸ்கீ உருவாக்கி, அது வேலை செய்கிறதென்று பார்த்த பின் பழையதை நீக்க வேண்டியதுதான். அலுப்பான வேலை, ஆனாலும் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

குடும்பத்தோடு பகிர்ந்த வால்ட்டுகளை (கடவுச்சொல் பெட்டகங்களை) பெரும்பாலும் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

பிறகு

சரிபார்த்து முடித்ததும் எக்ஸ்போர்ட் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதன் பிறகே சிங்க்கையும் பேக்கப்பையும் மறுபடி இயக்குங்கள். பிரவுசரில் பழைய எக்ஸ்டென்ஷனையும், "கடவுச்சொல்லைச் சேமிக்கவா" என்று கேட்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மொபைலில் ஆட்டோஃபில் அமைப்பைப் புதிய ஆப்புக்கு மாற்றுங்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால், மாற்றிய கடவுச்சொல் எதில் சேமிக்கப்பட்டது என்றே தெரியாமல் போகும்.

பழைய கணக்கைச் சில வாரம் தொடாமல் வைத்திருங்கள். அந்த நாட்களில் எதையும் தேடி அங்கே போக நேரவில்லையென்றால், கணக்கையே அழித்துவிடுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் சர்வரில் வால்ட் அப்படியே இருக்கும். எக்ஸ்போர்ட் ஃபைல் கிளவுடுக்கோ வேறொருவர் கைக்கோ போயிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.