காவிரி டெல்டாவில் படகுத்துறை: கணக்கு தப்பும் இடங்கள்

ஐப்பசியில் கரை தொட்டு ஓடும் தண்ணீரைப் பார்த்துப் படகுத்துறைக்கு இடத்தை முடிவு செய்வதுதான் பெரிய தவறு. டெல்டா ஆறுகளில் ஓடுவது பாசனத்துக்காகத் திறந்துவிடும் தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். நீர்வரத்து குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும். ஆற்றுக்கு ஆறு முறை வைத்துத் தண்ணீரைத் திறந்தால், வெண்ணாற்றில் தண்ணீர் ஓடும் நாளில் காவிரி வற்றிக் கிடக்கும். அரை மீட்டர் அமிழும் தட்டையடிப் படகுக்கே ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும். சித்திரையில் ஆற்றுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். பல இடங்களில் காலுக்கு மணல்தான் தட்டுப்படும்.

துறைக்கு இடம் பார்ப்பவர்கள் படகு எதுவரை போகும் என்று பார்ப்பதில்லை. ஆற்றின் குறுக்கே தண்ணீரை மறித்துப் பிரித்துவிடும் மதகு வரிசைதான் ரெகுலேட்டர். ஷட்டர் இறக்கிய ரெகுலேட்டரைப் படகு தாண்டாது. தாழ்வான பாலங்களின் அடிப்பக்கத்துக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியை ஆறு நிறைந்து ஓடும் நாளில் அளக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு தேசிய நீர்வழிச் சட்டப் பட்டியலில் காவிரி–கொள்ளிடமும் இருக்கிறது. பட்டியலில் சேர்ந்ததால் ஆற்றில் ஆழம் கூடிவிடவில்லை.

கொள்ளிடம் வெள்ள வடிகால். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 ஷட்டர்களே அடித்துச் செல்லப்பட்டன. அங்கே நிலையான கான்கிரீட் மேடை கட்டினால், கோடையில் படகு மேடைக்கு வெகு கீழே நிற்கும், வெள்ளத்தில் மேடையே மூழ்கும். மிதவைத் துறைதான் பொருந்தும். அதிலும், மிதவை நகர்ந்துவிடாமல் நீரோடு ஏறி இறங்கப் பிடித்துவைக்கும் வழிகாட்டித் தூண்களைக் குட்டையாக விட்டுவிடுகிறார்கள். பெருவெள்ளத்தில் மிதவை தூணைத் தாண்டி மேலேறிக் கழன்றுகொள்ளும். இதுவரை கண்ட உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் மிதவையின் உயரமும் இன்னொரு மீட்டரும் தூண் நிற்க வேண்டும். அடியில் மணல் அரிக்கும் ஆழத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் தூணை இறக்க வேண்டும். கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் சாய்வுப் பாலமும் அப்படித்தான்: நீர்மட்டம் 3 மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் 1:8 சரிவுக்கு 24 மீட்டர் நீளம் தேவை. ஐந்தாறு மீட்டரில் முடித்தால் வயதானவர்கள் ஏற முடியாது.

ஆகாயத்தாமரையை லேசாக எண்ணாதீர்கள். திறப்பின் முதல் தண்ணீரோடு அது மெத்தையாக வந்து மிதவையில் அடைந்து, நங்கூரச் சங்கிலி முழுவதையும் இழுக்கும். மேற்புறத்தில் சாய்வாக ஒரு மிதவைத் தடுப்பு போட்டு ஆற்றின் நடுவுக்குத் திருப்பிவிட வேண்டும்.

படகு நிறுத்தக் குளம் வெட்டக் கரையை உடைப்பதை நாங்கள் எந்த நிலையிலும் ஏற்கமாட்டோம். பல இடங்களில் வயல், ஆற்றின் வெள்ள மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஓர் உடைப்பு எடுத்தால் ஊரின் சம்பா முழுவதும் போய்விடும்.

கடலை ஒட்டிய கடைமடையில் ஓதம் ஏறுவதால் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனால் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். ஆழம் வேண்டுமென்று தோண்டினால் உப்புநீர் உள்ளே ஏறும். படகுக்காகக் கடைமடை ரெகுலேட்டரைத் திறந்து வைக்கக் கேட்பதும் அதே கேடுதான். முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காட்டுப் பகுதியில் வனத்துறை, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இரண்டும் வேண்டும். நீர்வளத்துறை அனுமதி எங்கும் வேண்டும். இவை கைக்கு வருமுன் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டீசல் நிரப்பும் இடத்தையும் கழிப்பறைத் தொட்டியையும் ஆற்றுப்படுகையில் வைக்கவே கூடாது. கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணறுகள் கொள்ளிடம் மணலுக்குள்ளேயே இருக்கின்றன. கரைக்கு வெளியே, அந்தக் கிணறுகளுக்குக் கீழ்ப்புறமாக இடம் தேடுங்கள்.